கேமரன் மலையில் பத்து வெள்ளிப் பசியாறல்

கேமரன் மலைக்குப் போய் வந்தேன் என்றால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஸ்ட்ராபெரி சாப்பிட்டாயா என்பது. இரண்டாவது, எவ்வளவு செலவானது என்பது. ஸ்ட்ராபெரி புளித்தது. செலவைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆளுக்கு முப்பது வெள்ளி என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினோம். இறங்கும்போது கையில் மிச்சம் இருந்தது.

தானா ராத்தா பெரிய ஊர் இல்லை. ஒரே கடைத்தெரு. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் முழு ஊரையும் பார்த்துவிடலாம். அந்தத் தெருவில் குமார், ஸ்ரீ பிரிஞ்சாங் என்று நம் உணவகங்கள் அருகருகே இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், கல்லிலிருந்து எடுத்துத் தட்டிப் போட்ட ரொட்டி சானாய்க்கும் பருப்புக் கறிக்கும் தனி ருசி. "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் தட்டை வைக்கிறார். இரண்டு ரொட்டி, ஒரு தே தாரே. பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்தால் மீதி வருகிறது. தேயிலை விளைகிற மலையில் முதல் தேநீரை இப்படிக் குடிப்பதுதான் சரி என்பது என் கட்சி.

காட்சி மாடத்தில் கண்ணாடிக் குவளையில் வருகிற தேநீரும் இந்தத் தே தாரேவும் ஒரே செடியின் பிள்ளைகள்தாம். ஆலையில் கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டி நசுக்கி, காற்றுப் படவிட்டுக் கறுக்க வைத்து, சூட்டில் உலர்த்தி, கடைசியில் சலிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். சலிக்கும்போது பெரிய துண்டுகள் ஒரு பக்கம் போகும், தூள் ஒரு பக்கம் விழும். தூள் சீக்கிரம் சாயம் விடும், கடுமையாக இருக்கும். கெட்டியான இனிப்புப் பாலை எதிர்த்து நிற்க அந்தக் கடுமை வேண்டும். மென்மையான முழு இலையில் தே தாரே இழுத்தால் பால்தான் ஜெயிக்கும்.

இன்னொன்று, இயற்பியல் படிக்கிறவர்களுக்கு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கோலாலம்பூரில் ஊற வைக்கிற நேரத்துக்கு மேலே இன்னும் ஒரு நிமிடம் ஊற வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கோன். 1885இல் இந்த மலைப்பகுதிக்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. வெள்ளைக்காரர்களுக்கு இங்கே பிடித்தது தங்கள் ஊர்க் குளிர். குளிரோடு பங்களா, ரோஜாத் தோட்டம், மாலை நேரத் தேநீர், அதனுடன் ஸ்கோன் என்று எல்லாவற்றையும் கொண்டு வந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், ஸ்கோன் தங்கிவிட்டது. பழைய ஆங்கிலேய பாணி விடுதிகளிலும் கிடைக்கும். மாணவர் பைக்கு அது தாங்காது. கடைத்தெருவில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சிறிய கடையில், சுடச்சுட ஸ்கோனைப் பிளந்து வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைத்துக் கொடுத்தார்கள். நான்கு பேர் இரண்டு தட்டைப் பகிர்ந்துகொண்டோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. ரொட்டி மாவு உப்ப ஈஸ்ட் வேண்டும். குளிரில் ஈஸ்ட் சோம்பேறி. ஸ்கோனுக்கு பேக்கிங் பவுடர் போதும், பிசைந்த உடனே அடுப்பில் வைத்துவிடலாம். புளிப்பான ஸ்ட்ராபெரிக்கும் ஜாம்தான் சரியான வேலை.

மதியம் சுங்கை பாலாஸ் போனோம். பிரிஞ்சாங்கைத் தாண்டி, ஒரு வாகனம் வந்தால் மற்றொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய பாதை. இருபுறமும் சீவிவிட்ட தலைபோலத் தேயிலைச் சரிவு. வழியில் தொழிலாளர் குடியிருப்பு. போ நிறுவனத்தை 1929இல் தொடங்கியவர் ஜே.ஏ. ரசல். காட்டை அழித்துத் தோட்டம் போட அன்று இருந்தவை ஒரே ஒரு நீராவி உருளை, கோவேறு கழுதைகள், தொழிலாளர்களின் கைகள் என்று நிறுவனமே தன் வரலாற்றில் சொல்கிறது. அந்தக் கைகளில் பல, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. உதவித்தொகை கொடுத்து ஆள் அனுப்புவதை இந்தியா 1938இல் நிறுத்தியது. வந்தவர்கள் இங்கேயே வேர்விட்டார்கள். பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே தமிழ்ப்பள்ளி வந்தது.

சரிவுக்கு மேலே நீண்டு நிற்கும் காட்சி மாடம் அழகு, அதை மறுக்க முடியாது. நால்வரும் ஆளுக்கொரு கேக் துண்டும் தேநீரும் வாங்கி, படம் எடுத்து, உட்கார்ந்து பேசினோம். இரசீதைப் பார்த்த தோழி ஒருத்தி கைப்பேசியில் கணக்குப் போட்டாள். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் இருபத்தாறு வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு அறுபத்தைந்து. எங்கள் மேசையின் செலவு அதை நெருங்கியிருந்தது. கீழே சரிவில் முதுகில் கூடையோடு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கேக்கை யாரும் மிச்சம் வைக்கவில்லை, பேச்சு மட்டும் கொஞ்ச நேரம் நின்றுபோனது.

இன்று அந்தச் சரிவுகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள் இல்லை. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வேறு ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள். பல இடங்களில் கைக்குப் பதில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இதை இழப்பு என்று சொல்லப் பலருக்கு ஆசை. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தன் பிள்ளை கூடை தூக்கக்கூடாது என்றுதானே அந்தத் தலைமுறை பள்ளிக்கு அனுப்பியது?

தானா ராத்தா திரும்பி, சாலையோரக் கடையில் வடை சுடுகிற ஓர் அக்காவிடம் இதைக் கேட்டேன். வயது அறுபதுக்கு மேல்; இளம் வயதில் ஏதோ ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். "கஷ்டம்தான், ஆனா பேச ஆள் இருந்திச்சு" என்றார். கேக் சாப்பிட்டதுண்டா என்று கேட்டதற்குச் சிரித்தார். "கேக்கா? சாயங்காலம் மோட்டார் சைக்கிள்ல ரொட்டிக்காரர் வருவாரு. ஹாரன் சத்தம் கேட்டா லயத்துப் பிள்ளைங்க எல்லாம் ஓடும். கறிபாப், தேங்காய் ரொட்டி. வரத் தேத்தண்ணியில முக்கித் தின்னா அதுதான் எங்களுக்குக் கேக்கு." நான்கு வடை வாங்கினோம், ஐந்தாவதைச் சும்மா வைத்தார்.

மாலையில் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு முத்துத் தேநீர் வேண்டுமாம். தேயிலை மலையில் வந்து தைவான் தேநீரா என்று கிண்டல் செய்தேன். யோசித்தால் அதுவும் நமக்கு அந்நியம் இல்லை. 1980களில் தைவானில் பிறந்த பானம் அது. யார் முதலில் செய்தது என்று தைச்சுங் நகரக் கடை ஒன்றும் தைனான் நகரக் கடை ஒன்றும் பத்து ஆண்டு வழக்காடி, 2019இல் நீதிமன்றம் அதைத் தீர்மானிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. அடியில் உருளும் கறுப்பு முத்து வேறொன்றும் இல்லை, மரவள்ளிக்கிழங்கு மாவு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் தோட்டத்து மக்கள் உயிர் பிழைத்தது இதே மரவள்ளிக்கிழங்கில். என் பாட்டி கடைசிவரை அதைத் தட்டில் வைக்க விடவில்லை. பேரப்பிள்ளைகள் அதையே உறிஞ்சுகுழலில் வாங்கிக் குடிக்கிறோம்.

இரவுச் சந்தை வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கூடும், பிரிஞ்சாங் பக்கம் கோல்டன் ஹில்சில். தைப்பேயின் ஷிலின் இரவுச் சந்தை புகழாக்கிய முகமளவு பொரித்த கோழி இங்கேயும் கிடைக்கிறது. வரிசை நீளம். அதைவிட, இந்த மண்ணிலேயே விளைந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்த துண்டுகளையும் அவித்த சோளத்தையும் வாங்குங்கள். போகிறவர்களுக்கு ஒரு தகவல்: சுங்கை பாலாஸ் தேநீர் நிலையம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். குளிராடை மறக்க வேண்டாம். சில்லறையாக ஐந்து வெள்ளி நோட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்; வடைக்கடை அக்காவிடம் ஐம்பதுக்கு மீதி இருக்காது.