உப்பும் உண்மையும்



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் நம் பெரியோர். நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவும் தம் சீடர்களை உலகிற்கு உப்பு என்று அழைத்தார். உப்பு சாரமற்றுப் போனால் அது வெளியே கொட்டப்படும் என்றும் எச்சரித்தார். இதை நாம் சிறு வயதிலிருந்தே மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வருகிறோம். ஆனால் உப்பளங்களுக்கு அருகில் வளர்ந்த எங்களுக்கு இதன் பொருள் சென்ற ஆண்டுதான் விளங்கியது. அது விளங்கிய விதத்தையே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது வாலிநோக்கம். மீன்பிடிப்பும் உப்பும் அவ்வூர் மக்களின் பிழைப்பு. 1974ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில்தான் உள்ளன. கோடையில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். வெயில் பட்டுக் கண் கூசும். அந்த வெயிலில் நின்றுதான் ஆண்களும் பெண்களும் உப்பு வாருகிறார்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, அறிவியல் ஆசிரியை உப்பு விளையும் முறையை எங்களுக்கு விளக்கினார். உப்பு நீரின் அடர்த்தியை அளக்க அந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலறிஞர் 1768இல் ஓர் அளவு முறையை வகுத்தார். அந்த அளவில் கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி இருக்கும். அதைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிட்டால் அடர்த்தி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். ஆனால் அந்த நீரை அப்படியே விட்டுவிடக் கூடாது. 29, 30 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்துவிடும். அது கசப்பு நீர். அதை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். தாமதித்தால் கசப்பு உப்போடு சேர்ந்துவிடும். அந்த உப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் நாவில் வைத்தால் கசக்கும். மழைக்காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

இவ்வளவையும் சொல்லி, அடர்த்தியை அளக்கும் திரவமானி என்ற கண்ணாடிக் கருவியையும் ஆசிரியை காட்டினார். இங்கேதான் எங்கள் கதை தொடங்குகிறது.

அன்று மதிய இடைவேளையில் நாங்கள் நால்வர் ஆய்வுக்கூடத்தில் நுழைந்தோம். வாளி நீரில் உப்பைக் கரைத்துத் திரவமானியை மிதக்கவிட்டு விளையாடினோம். யார் கையிலிருந்து என்று இன்றும் சொல்ல முடியாதபடி அது நழுவி விழுந்து உடைந்தது. சில்லுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஓடிவந்துவிட்டோம். அந்த வாரம் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கும் முறை விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியினுடையது. அவளுடைய தாயார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். மாலையில் பழி அவள் மேல் விழுந்தது. "நான் உடைக்கவில்லை, சிஸ்டர்" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்களை யாரும் கேட்கவில்லை. ஆகவே பொய் சொல்லவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எட்டாம் கட்டளையை மீறவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். எங்கள் நால்வரில் மூவர் கத்தோலிக்கர். ஒருத்தி வாலிநோக்கத்து இஸ்லாமியத் தோழி. மூன்றாம் நாள் அவள்தான், "நாம் போய்ச் சொல்லிவிடுவோம்" என்றாள். மற்ற மூவரும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் மறந்துவிடும்" என்று அவளைத் தடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குச் சென்றோம். கைகூப்பி வரிசையில் நின்று நற்கருணை உட்கொண்டோம்.

பிப்ரவரி 4ஆம் நாள் வந்தது. அது புனித அருளானந்தர் திருநாள். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் அவருடைய வரலாற்றைச் சொன்னார்.

அருளானந்தர் 1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். அவருடைய இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. இளவரசரோடு அரண்மனையில் வளர்ந்தவர். 1662இல் இயேசு சபையில் சேர்ந்து, 1673இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்தார். தமிழ் கற்றார், பண்டார சுவாமிகளைப் போல உடுத்தினார், புலால் உண்பதை விட்டார், மறவர் சீமையெங்கும் நடந்தே சென்றார். "அது மாறுவேடமா, சிஸ்டர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "உடையை மட்டும் மாற்றினால் அது வேடம். அந்த உடைக்குரிய பசியையும் நடையையும் எளிமையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் அது வாழ்க்கை" என்றார் சிஸ்டர். 1686இல் அவரைப் பிடித்து வதைத்தார்கள். விடுதலையான பின் ஐரோப்பா சென்றார். அங்கே அரசரான பழைய தோழர் அவரைத் தங்கச் சொன்னார். அவரோ 1690இல் மீண்டும் இங்கேயே திரும்பி வந்தார்.

சிறுவல்லியை ஆண்ட தடியத்தேவர் என்பவர் கடும் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசித்துச் செபிக்கக் குணமடைந்தார். திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். அரச குலத்தில் அது அக்காலத்து வழக்கம். அருளானந்தர் நினைத்திருந்தால் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஒரு சிற்றரசர் கிறிஸ்தவரானால் மறைப்பணிக்கு எவ்வளவு நன்மை! ஆனால் அவர், ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் திருமுழுக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வெளியே கிறிஸ்தவர், வீட்டுக்குள் வேறு என்ற இரட்டை வாழ்வுக்கு அவர் துணை போகவில்லை. தடியத்தேவர் அதற்கு இணங்கினார். 1693ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவினர். அவர் மன்னரிடம் முறையிட, இரண்டு நாளில் அருளானந்தர் கைதானார். வெளியே நாடு கடத்தும் தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. உள்ளே, ஓரியூரில் கொல்லும்படி இரகசிய ஆணை போயிற்று என்பர். பாம்பாற்றங்கரையிலுள்ள ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள், திருநீற்றுப் புதன்கிழமை, அவர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். அந்த இடத்துச் செந்நிற மணலை இன்றும் மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். 1947 ஜூன் 22ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

சிஸ்டர் முடித்ததும் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் என்ன தவறு செய்தார்கள்?" என்று கேட்டாள். நாங்கள் சிஸ்டர் கோபிப்பார் என்று பயந்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் பாரம் அவர்கள் மேலும் விழுந்தது. உண்மை தாமதமாக வந்து சேரும்போது அதன் விலையைக் குற்றமற்றவர்களும் கொடுக்க நேரிடுகிறது. தடியத்தேவர் அறியாமல் தாமதித்தார். அறிந்த அன்றே மாறினார். ஆனால் உண்மையை அறிந்துகொண்டே தாமதிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள்?"

சிஸ்டருக்கு எங்கள் விஷயம் தெரியாது. அவர் எங்களைப் பார்த்துச் சொல்லவுமில்லை. ஆனாலும் நாங்கள் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தபோது, அலுவலக வாசலில் அந்த மாணவியின் தாயார் நின்றிருந்தார். உடைந்த கருவிக்குப் பணம் கட்ட வந்திருந்தார். அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உப்பு நீரில் நின்று நின்று அவருடைய கால் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்து வைத்த ரூபாய் நோட்டுகளை எடுத்தபடி, "எம் புள்ள பொய் சொல்லமாட்டா, சிஸ்டரம்மா. ஆனாலும் பணத்தைக் கட்டிடுறேன்" என்றார். எங்கள் இஸ்லாமியத் தோழி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விறுவிறுவென்று முன்னே நடந்தாள். நாங்கள் மூவரும் பின்னே சென்றோம். நால்வரும் சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னோம். கருவி உடைந்து அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சிஸ்டர் எங்களை அடிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. அந்தத் தாயாரின் பணத்தை அவர் கையிலேயே திரும்ப வைத்தார். வகுப்புக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவியிடம், "உன் சொல்லை நான் நம்பியிருக்க வேண்டும், அம்மா. என்னை மன்னித்துக்கொள்" என்றார். பிறகு நாங்கள் நால்வரும் மன்னிப்புக் கேட்டோம். கருவியின் விலையை எங்கள் கைச்செலவுப் பணத்தில் மாதாமாதம் கட்டி முடித்தோம். ஆனால் அந்தத் தாயார் இழந்த ஒரு நாள் கூலியை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நாங்கள் நீட்டியபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். அவர் மகள் அந்த ஒன்பது இரவுகள் விடுதியில் எப்படித் தூங்கினாள் என்பதையும் நாங்கள் கேட்கத் துணியவில்லை. இப்போது அவள் எங்களோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். அது அவளுடைய நல்ல மனம்.

உண்மையான கிறிஸ்தவ வாழ்வு என்றால் என்ன என்று எங்களைக் கேட்டால், இதிலிருந்து நாங்கள் கற்ற மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, மௌனமும் பொய்யாகலாம். திருவள்ளுவர் வாய்மைக்கென்று ஓர் அதிகாரமே, திருக்குறளின் 30ஆம் அதிகாரத்தை, அமைத்துள்ளார். பிறருக்குச் சிறிதும் தீமை செய்யாத சொல்லே வாய்மை என்று அதன் தொடக்கத்திலேயே விளக்குகிறார். அப்படியானால் பிறருக்குத் தீமை செய்த எங்கள் மௌனம் வாய்மையாகுமா? திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த பாவங்களோடு, செய்யத் தவறிய கடமைகளையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். வாயளவில் சொல்லிவந்த அந்தச் சொற்கள் இப்போது எங்களுக்குச் சுடுகின்றன.

இரண்டாவது, பீடத்தின் முன் ஒருத்தியாகவும், வகுப்பில் வேறொருத்தியாகவும் நாம் இருக்கக் கூடாது. கசப்பேறிய உப்பும் பார்வைக்கு வெள்ளைதான். நம் வெள்ளைச் சீருடையும் கழுத்துச் செபமாலையும் பிறர் கண்ணுக்குத் தெரியும். உள்ளிருக்கும் சுவை நம்மோடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். இதில் கிறிஸ்தவர்களாகிய நாம் பெருமை பேசவும் இடமில்லை. எங்களை நேர்வழிக்கு அழைத்தவள் பள்ளிவாசல் பாங்கொலி கேட்டு வளர்ந்த தோழி அன்றோ!

மூன்றாவது, உண்மைக்கு நேரம் உண்டு. கசப்பு நீரை 29 டிகிரியில் வடித்தால் உப்பு பிழைக்கும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், முன்பே விளைந்த நல்ல உப்பும் கெடும். முதல் நாளே நாங்கள் சொல்லியிருந்தால் நால்வருக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஒன்பது நாள் தாமதித்ததற்கு, எங்கள் தவற்றில் பங்கில்லாத ஒரு தாயும் மகளும் விலை கொடுத்தார்கள்.

அன்புத் தங்கையரே! அருளானந்தரைப் போல உயிரைக் கொடுக்கும்படி நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்தபோதும், வீட்டில் கடைக்குப் போன சில்லறையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டபோதும், தோழியைப் பற்றிக் காதில் விழுந்ததைக் கூட்டிச் சொன்னபோதும், அன்று மாலைக்குள் போய்ச் சொல்லிவிட நம்மால் முடியும். கால்கள் நடுங்கும், எங்களுக்கும் நடுங்கின. ஆனாலும் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை அந்தப் பாரத்தை வேறு யாரோ சுமந்துகொண்டிருக்கலாம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை தானாக வந்து தவற்றை ஒப்புக்கொண்டால், தண்டிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அவளை அருகில் அழைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அவள் தாமதிக்காமல் வருவாள்.

வாலிநோக்கத்து உப்பளங்களில் இந்த ஆண்டும் உப்பு பூக்கும். அதை வாரும் கைகளை நினைத்துக்கொண்டு, சாரமுள்ள உப்பாக வாழ நம் எல்லோருக்கும் ஆண்டவர் அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவியர்