மழை வந்தால் உடம்பு அரிக்கிறதா?

2016 மே அரநாயக்க மண்சரிவையும் 2017 மே இரத்தினபுரி வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு, வீடு திரும்பிய பின்னும் மழைச் சத்தம் கேட்டால் மனம் பதறலாம். அப்போது உடம்பில் சுரக்கும் பொருட்கள் ஒவ்வாமை அரிப்பையும் தடிப்பையும் கூட்டும். சொறியச் சொறிய அரிப்பு வளரும், தூக்கம் கெடும், கவலையும் கூடும். இது உங்கள் கற்பனையல்ல.

லயன் அறைச் சுவரில் பூஞ்சணம் இருந்தால் துடையுங்கள். பாய், போர்வைகளை வெயிலில் போடுங்கள். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நகங்களை ஒட்ட வெட்டுங்கள்.

வீட்டில் பலருக்கு இரவில் அரித்தால் அது தொற்றும் சொறிசிரங்காக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டி, எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசுங்கள்.

முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். மனப்பாரத்தைச் சொல்ல, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசுங்கள்.