சிற்றுண்ணி: வரவும் செலவும்



சிற்றுண்ணி என்றதும் சொறியும் தூசு ஒவ்வாமையும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் நாம் வாழும் ஹாலேக்குத் தெற்கே, சைற்ஸ் நகரைச் சேர்ந்த வூர்ஷ்விட்ஸ் கிராமத்தில் சிற்றுண்ணிக்கு நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள்! காரணம், அங்கே செய்யும் பாற்கட்டி.

குவார்க் எனும் தயிர்க்கட்டியில் உப்பும், சீரகத்தைப் போன்ற க்யூமல் விதையும் சேர்த்து உருண்டை பிடித்து உலர்த்துவார்கள். பிறகு சிற்றுண்ணிகள் வாழும் மரப்பெட்டியில் வைப்பார்கள். அவற்றிலிருந்து சுரக்கும் நொதியங்கள் பாற்கட்டியைப் பழுக்க வைக்கும். அவை பாற்கட்டியையே தின்று தீர்க்காதிருக்க றொக்கன் மாவைத் தூவுவார்கள். மூன்று மாதமளவில் பக்குவமாகும். ஓராண்டு விட்டால் கறுத்துவிடும். சிற்றுண்ணிகளோடு சேர்த்தே சாப்பிடுவார்கள்.

1970 அளவில் இந்தக் கைப்பக்குவம் ஒரேயொரு மூதாட்டியிடம்தான் எஞ்சியிருந்தது. ஊரின் விஞ்ஞான ஆசிரியர் ஹெல்முட் போஷெல் அதைக் கற்று மீட்டெடுத்தார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் அந்த அறிவு மூதாட்டியோடு போயிருக்கும்.

சிற்றுண்ணி பூச்சி அல்ல, சிலந்தியின் உறவு. முட்டையிலிருந்து ஆறு கால்களோடு வரும். வளர்ந்ததும் எட்டுக் கால்கள். உண்ணிகளையும் சேர்த்து 50,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியவை. மழைக்குப் பின் ஊரில் சிவப்புப் பட்டுப்போல ஊர்ந்து வருமே தம்பளப்பூச்சி, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

நமது தென்னையையும் இவை விடவில்லை. இலங்கையில் 1997இல் கற்பிட்டிப் பகுதியில் தென்னைச் சிற்றுண்ணி கண்டறியப்பட்டது. குரும்பையின் காம்படிச் செதில்களுக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும்; தேங்காய் சிறுத்து, மட்டை வெடித்துத் தழும்பேறும். இதற்கு எதிராக லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் வளர்த்து விட்டதும் இன்னொரு சிற்றுண்ணியைத்தான். அது தென்னைச் சிற்றுண்ணியைப் பிடித்துத் தின்னும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மெத்தையில் வாழும் தூசுச் சிற்றுண்ணி நம்மைக் கடிப்பதில்லை. உதிரும் தோற்செதில்களைத் தின்னும். அதன் எச்சம்தான் பலருக்குத் தும்மலையும் தொய்வையும் தூண்டுகிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. குளிருக்குப் பயந்து யன்னல்களை எந்நேரமும் பூட்டி, அறைக்குள்ளேயே துணி உலர்த்தினால் அதற்கு நாமே விருந்து வைக்கிறோம். தினமும் சில தடவை யன்னல்களை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். படுக்கை விரிப்புகளை 60 பாகையில் கழுவுங்கள். தூசு ஒவ்வாமை உள்ளவர்கள் வூர்ஷ்விட்ஸ் பாற்கட்டியைத் தவிர்ப்பது நல்லது.

கணக்காளன் என்பதால் சொல்கிறேன்: சிற்றுண்ணியைச் செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதாதீர்கள், வரவுப் பக்கத்திலும் அதற்கு இடமுண்டு.