இரத்தினபுரியில் பிறந்த கிட்டார் சங்கீதம்

சினிமாக் கம்பெனியின் தயவை நாடாமல், சொந்தமாகச் சாகித்தியம் எழுதி, சொந்தமாக மெட்டமைத்து, நாலைந்து வாலிபர்கள் ஒன்றுகூடித் தங்கள் முதல் இசைத்தொகுப்பை வெளியிடுவது இன்று சென்னையிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் சாதாரணக் காரியமாகிவிட்டது. ஆனால் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், இசைத்தட்டு என்பதே பெரிய வித்துவான்களுக்கும் திரைப்படப் பாடகர்களுக்கும் உரிய பாக்கியமாகக் கருதப்பட்ட காலத்தில், இந்த இலங்கைத் தீவில் அந்தக் காரியத்தைத் துணிந்து செய்து பிரசித்தி பெற்ற ஒரு குழு நமது சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரியிலிருந்து புறப்பட்டது என்பதை, அதே மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலர் அறிந்ததில்லை.

'மூன்ஸ்டோன்ஸ்' என்பது அந்தக் குழுவின் பெயர். அதன் ஜீவநாடியாக விளங்கியவர்கள் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் ஆவர். 1943ஆம் ஆண்டு தேயிலை மலைகள் சூழ்ந்த ஹப்புத்தளையிலே பிறந்த கிளாரன்ஸ், 1960களின் நடுப்பகுதியில் அனெஸ்லியோடு இணைந்து இக்குழுவைத் தோற்றுவித்தார். சிங்களப் பாடலுக்குள் மின்கிட்டாரை முதன்முதலில் கொண்டுவந்தவர் என்று அவரைக் கொண்டாடுவது வழக்கம். எனினும் வாத்தியம் புதியது என்பதைவிட, அந்த வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் தம்முடைய ஊரையும் தம்மைச் சுற்றியிருந்த மனிதர்களையும் பாடினார் என்பதே பெரிய விஷயமாக எனக்குத் தோன்றுகிறது.

அதன் அருமையை உணர வேண்டுமானால் அதற்கு முந்தைய நிலைமையைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1950களின் சிங்களத் திரைப்படங்களிலே ஹிந்தி, தமிழ்ப் படங்களின் மெட்டுக்கள் தாராளமாக எடுத்தாளப்பட்டன. மற்றொரு புறத்தில், 1952இல் வட இந்தியாவிலிருந்து இசைமேதை ரத்தன்ஜங்கர் வரவழைக்கப்பட்டு வானொலிக் கலைஞர்களைப் பரீட்சித்துத் தரம் பிரித்த நாளிலிருந்து, ஹிந்துஸ்தானி சங்கீதப் பயிற்சியே தகுதியின் அளவுகோலாக நின்றது. நெவில் பெர்னாண்டோவின் 'லொஸ் கபலேரோஸ்' போன்ற குழுக்கள் கிட்டாரையும் தாளவாத்தியங்களையும் கொண்டு மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்ஸோ பாணியில் பாடி ஜனங்களைக் கவர்ந்திருந்தன என்பது உண்மையே. ஆயினும், லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதியை 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் பாடிப் பதிவுசெய்து உலகத்து வாலிபர்களுக்கெல்லாம் ஒரு புதிய மார்க்கத்தைக் காட்டிய பின்னரே, தாமே எழுதித் தாமே இசைத்துத் தாமே பாடும் குழு என்னும் கருத்து இங்கும் வேரூன்றலாயிற்று.

அறிவிப்பாளர் விஜய கொரியா இலங்கை வானொலியின் வாயிலாக மூன்ஸ்டோன்ஸை நாட்டுக்கு அறிமுகம் செய்து ஊக்கமளித்தார். ஜெரால்ட் விக்கிரமசூரிய என்னும் ரசிகர், 'சூரிய' என்ற பெயரில் தாம் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்தின் மூலம் இவர்களைப் போன்ற இளைஞர்களின் பாடல்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். அக்காலத்து முதல் வெளியீடு என்பது இன்றுபோலப் பத்துப் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட தொகுப்பன்று. நிமிஷத்துக்கு 45 முறை சுழலும் சிறியதொரு தட்டில், பக்கத்துக்கு இரண்டாக நான்கே பாடல்கள். அந்த நான்கில் தம்மை நிரூபித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமே அப்பாடல்களுக்கு ஒரு கச்சிதத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். பின்னர் கிளாரன்ஸ் 'கோல்டன் சைம்ஸ்', 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆகிய குழுக்களையும் நடத்தி, 1996 டிசம்பர் 13ஆம் திகதி காலமானார்.

இந்தக் கிட்டார் ஓசை எழுந்த அதே ஆண்டுகளில், அதே மாகாணத்தின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் ஜனங்களின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்திருந்த அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே ஏற்றுக்கொள்வது என்று 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நிர்ணயித்தது. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் கொழுந்து பறித்தவர்களும், யட்டியந்தோட்டையிலும் தெஹியோவிட்டையிலும் இறப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களும், எந்தக் கப்பலில் யார் போவார் என்ற விசாரத்தோடு காலம் கழித்தார்கள். மின்சாரத்தையே காணாத லயத்துக் காம்பராக்களில் மின்கிட்டாருக்கு இடமேது? பிரட்டுக்களத்துக்கு அழைக்கும் தப்பும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், தாலாட்டும் ஒப்பாரியுமே அவர்களுடைய சங்கீதம். அதற்கு முந்தைய தலைமுறையிலேயே தொழிற்சங்கத் தலைவர் கோதண்டராம நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர் துயரைப் பாட்டாகவே பாடினார், சி. வி. வேலுப்பிள்ளை அந்த மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவை காகிதத்தில் ஏறின. சூரிய நிறுவனத்தைப் போன்ற ஒரு புரவலர் மலையகத்துக்கு வாய்த்திருந்தால் அவை இசைத்தட்டிலும் ஏறியிருக்கும். வாய்க்காமற் போனது நமது சரித்திரத்தில் ஒரு பெரிய நஷ்டம்.

தமிழில் பொப் இசை அக்காலத்தில் பிறக்காமலில்லை. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று பாடி நாட்டையே ஆடவைத்தார், ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுசென்று, தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் பரப்பி, 2018இல் சென்னையிலே மறைந்தார். மூன்ஸ்டோன்ஸின் தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று 'மேங்கோ கலு நெந்தே' என்று ஓர் அத்தையை விளிக்க, நித்தியின் பாட்டு ஒரு மாமியை விளித்தது. இரு மொழிகளிலும் புதிய இசை வாலிபர்கள் அறிந்து பழகிய பெண்களை உறவுமுறை சொல்லி அழைத்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டு. ஆயினும் அந்தத் தமிழ்ப் பொப் இசையில் கேட்டது பெரும்பாலும் வடபகுதியின் பேச்சும் வாழ்வுமே. தோட்டத்துப் பேச்சும் மழையும் அட்டைக்கடியும் அதில் இடம்பெறவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் குரல், விந்தையாக, கப்பலேறிப் போனவர்களின் சந்ததியிலிருந்தே எழுந்தது. அரக்கோணத்தைச் சேர்ந்த தெருக்குரல் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையை 2021இல் 'என்ஜாயி எஞ்சாமி'யின் வழியே உலகறியச் செய்தார்; 2024இல் தம் குழுவினரோடு அவர் வெளியிட்ட சுயாதீன இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் சூட்டினார். போனவர்களின் பேரன் பாடிவிட்டான். இங்கேயே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் பாட வேண்டிய முறை இது.

அவர்களிடம் திறமை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கேகாலை மாவட்டத்திலும் இரத்தினபுரி மாவட்டத்திலும் மாரியம்மன் திருவிழா இரவுகளில் மேடையேறும் இசைக்குழுக்களைக் கேட்டவர்களுக்கு, அந்தப் பிள்ளைகளின் கிட்டாரும் கீபோர்டும் எவ்வளவு சுத்தமாகப் பேசுகின்றன என்பது தெரியும். ஆனால் விடியும்வரை அவர்கள் வாசிப்பதெல்லாம் சென்னையின் சினிமாப் பாடல்கள். ஏனெனில் கேட்கப்படுவதும் பணம் கொடுக்கப்படுவதும் அவற்றுக்கே. ஒலிப்பதிவுக்கூடத்தைத் தேடி அன்று கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. இன்று ஒரு கணினியும் ஒரு நல்ல மைக்கும் இருந்தால் லயத்துக் காம்பராவிலேயே பாட்டைப் பதிந்துவிடலாம். இல்லாதது ஒன்றுதான்: சொந்தப் பாட்டுக்குக் காதுகொடுக்கும் சபை.

ஆகவே தோட்டங்களின் கோயில் கமிட்டியாருக்கும், சங்கத் தலைவர்மாருக்கும், கொழும்பிலே கடை நடத்தும் நம்மூர்ச் செல்வந்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த திருவிழாவுக்கு இசைக்குழுவை அமர்த்தும்போது, நான்கு பாடல்களாவது அவர்களே எழுதி மெட்டமைத்தவையாக இருக்க வேண்டும், அவற்றிலே ஒன்றிலாவது தப்பு ஒலிக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த நான்குக்கும் தனியாகச் சன்மானம் கொடுங்கள். மூன்ஸ்டோன்ஸின் காலத்து இசைத்தட்டில் அடங்கியதும் நான்கு பாடல்களே.