கல்லென்று கிடக்கும் காலன்

வீட்டிலே கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவர், "கல்மீன் ஒன்று விலைக்கு வந்திருக்கின்றது, வாங்கலாமா?" என்று நம்மிடம் வினவினார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆயினும் அம்மீனின் விந்தை நம்மைச் சற்று விரித்துரைக்கச் செய்தது.

இந்து, பசுபிக் சமுத்திரங்களின் ஆழங்குறைந்த முருகைக்கற் பாறைகளிடையே வாழ்வது கல்மீன். ஏறக்குறைய 16 அங்குலம் வரை வளரும். நீந்தித் திரிவதில் அதற்கு நாட்டமில்லை. அகன்ற செட்டைகளால் மணலை அகழ்ந்து, பாதியுடல் புதைய அசையாது கிடக்கும். கரடுமுரடான தோலிலே பாசியும் படர்ந்துவிட்டால், அருகில் நின்று பார்ப்பவரும் கல்லென்றே கொள்வர். சிறுமீனோ இறாலோ மேல்நோக்கிய அதன் வாயருகே வந்ததும், வாய் திறந்து மூடும், இரையைக் காணோம்! ஒரு விநாடியின் 50இல் ஒரு பங்குகூட அதற்குச் செல்லாது.

இரை பிடிப்பதற்கு நஞ்சு வேண்டியதில்லை. நஞ்செல்லாம் தற்காப்புக்கே. முதுகிலுள்ள முட்கள் பெரும்பாலும் 13; ஒவ்வொன்றிலும் இரண்டு நச்சுப்பைகள். கால் அழுத்தியதும் பைகள் நசுங்கி நஞ்சு பாயும். மெல்லிய சப்பாத்தையும் முள் துளைத்துவிடும். ஓரா மீனைத் துப்புரவாக்கும்போது முள் குத்தி வருந்திய இல்லத்தரசியர் பலர். இதுவோ அதனிலும் பன்மடங்கு கொடிது, உயிருக்கே இடர் விளைக்கக்கூடியது. குத்துண்ட இடத்தை 45 பாகை சதம அளவு வெந்நீரில் அமிழ்த்தல் வேண்டும். வெப்பம் நஞ்சைச் சிதைக்கும். நீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்ப்பது நன்று, நோவினால் துடிப்பவர் தம்மைச் சுட்டுக்கொள்வார். பின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1959ஆம் ஆண்டு மாற்றுமருந்து கண்டனர். எங்கும் அது கைக்கெட்டும் என்று நம்பியிருத்தல் தகாது.

இத்தனைக்கும், வளர்ப்பதற்கு இது தொல்லை தராத மீன். ஓடியாட இடம் கேளாது. நாள்தோறும் உணவும் வேண்டாது. ஆனால் உயிருள்ள இரையையே பெரிதும் நாடும். வாய்க்கு அடங்கும் தோழர்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். பெரிய காட்சிச்சாலைகளில், பழகிய பணியாளர் நீண்ட கருவிகளுடன் பேணுவது வேறு. வீட்டுத் தொட்டியிலோ வாரந்தோறும் எவரேனும் கைவிட்டுக் கற்களை அகற்றித் துடைப்பார்கள். எது கல், எது மீன்?

"உம்முடைய தொட்டியைத் துப்புரவு செய்பவர் யார்?" என்று கேட்டோம். அன்பர் சிறிது நேரம் பேசவில்லை.

"என் மகன். பத்து வயது" என்றார்.