பெருக்கிக்கும் நினைவு உண்டு

மலேசியா 2019 அக்டோபர் 31-இல் அனலாக் ஒளிபரப்பை முழுதாக நிறுத்தியது. ஈப்போவின் கிளேடாங் மலையிலிருந்து வீடுகளுக்கு இப்போது வருவது டிஜிட்டல் தொலைக்காட்சி. அதில் ஆயிரக்கணக்கான துணையலைகள் ஒன்றுசேரும்போது, உச்சத்திறன் சராசரியைப்போல் பத்து மடங்குவரை எகிறும். சிக்னலின் திறனைக் கூட்டி அனுப்பும் பெருக்கி அங்கே திணறும், உச்சி மழுங்கும், சிதறல் பக்கத்துச் சேனலில் கொட்டும். திறனைத் தணித்து ஓட்டினால் மின்சாரம் வெப்பமாக வீணாகும்.

ஆகவே சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்புகிறார்கள். பெருக்கி 10 கேட்டால் 9 தரும் இடத்தில், 10 வரும்வரை கூட்டிக் கேட்பார்கள்.

உண்மையான சவால் பெருக்கியின் நினைவுதான். சற்றுமுன் டிரான்சிஸ்டர் சூடானதும், மின்வழங்கு சுற்றில் மின்னூட்டம் தேங்கியதும் இப்போதைய வெளியீட்டை மாற்றும். அதனால் எவ்வளவு வளைப்பது என்று கணக்கிடும் பல்லுறுப்புக்கோவையில் சிக்னலின் முந்தைய சில மாதிரிகளையும் சேர்க்கிறார்கள். வெளியீட்டின் சிறு பங்கைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டு, அந்தக் கோவையின் கெழுக்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.