சிவப்பு ரிப்பனைக் காட்டினால்தான் விமானம் புறப்படும்!

விமானம் பின்னால் நகரும்போது விமானிக்குப் பின்பக்கம் துளிகூடத் தெரியாது! காரில் இருப்பதுபோல் பக்கக் கண்ணாடியும் கிடையாது. ஆளும் பெட்டியும் எரிபொருளும் நிறைந்த ஏர்பஸ் ஏ320 என்றால் எடை 70 டன்னைத் தாண்டும். சென்னை விமான நிலையத்தில் அதைப் பின்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுபோய் விடுவது, கீழே நிற்கும் மூன்று நான்கு பேர். அவர்கள் பேசும் கைமொழி இருக்கிறதே, அடடா!

முன்சக்கரத்தருகே ஹெட்செட் மாட்டியவர்தான் கதாநாயகர். அவருடைய ஒயர் விமானத்தின் மூக்குப் பகுதியில் செருகியிருக்கும். "ரிலீஸ் பார்க்கிங் பிரேக்" என்கிறார். "பிரேக்ஸ் ரிலீஸ்டு" என்று மேலிருந்து பதில் வருகிறது. அதைக் கேட்காமல், விமானத்தைத் தள்ளும் டக் வண்டி ஓர் அங்குலம்கூட அசையாது. இறக்கை நுனிப் பக்கம் நடப்பவர்கள் எதிலும் உரசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வயிற்றுக்கடியில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கினால், எஞ்சின் பக்கம் யாரும் போகக்கூடாது என்று அர்த்தம்.

ஹெட்செட் வேலை செய்யவில்லையா? கைகள் பேசும்! விரித்த உள்ளங்கையை உயர்த்திக் காட்டி முஷ்டியாக மூடினால், பிரேக் போடு. முஷ்டியை விரித்தால், பிரேக்கை எடு. விமானி கட்டைவிரலை உயர்த்தும்வரை சைகை காட்டியவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வலக்கை வட்டம் போட, இடக்கை எஞ்சினைச் சுட்டினால், அந்த எஞ்சினை இயக்கு. தலைக்கு மேல் கைகளைச் சட்டென்று குறுக்காக வைத்தால், உடனே நிறுத்து! சென்னையானாலும் டோக்கியோவானாலும் இந்தச் சைகைகள் மாறாது.

எனக்கு உயிரே அந்தக் கடைசிக் கட்டம்தான். தள்ளும் முன் முன்சக்கரக் காலில் ஒரு சின்ன பின்னைச் செருகுவார்கள். அதில் நீளமாய்ச் சிவப்பு ரிப்பன் தொங்கும். பின் உள்ளே இருக்கும்வரை விமானியால் முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது. அது இல்லாமல் மேலே யாராவது திருப்பிவிட்டால், டக்கையும் விமானத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டு பக்கவாட்டில் வீசி, அருகில் நிற்பவரின் காலையே முறித்துவிடும்! தள்ளி முடித்ததும் டக் கழன்றுகொள்ளும், பின் வெளியே வரும், ஒயரையும் பிடுங்குவார்கள். இனிப் பேச்சுக்கு வழியில்லை. ஹெட்செட்காரர் விமானிக்குத் தெரியும்படி தள்ளி வந்து நின்று, சிவப்பு ரிப்பன் காற்றில் பறக்க, பின்னை உயர்த்திக் காட்டுகிறார். மேலேயிருந்து கட்டைவிரல் உயர்கிறது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது!

மின்னல் நெருங்கினால் இவர்களை வெட்டவெளியிலிருந்து உள்ளே அழைத்துக்கொள்வார்கள். வேலை அப்படியே நிற்கும். மழைக்காலத்தில் அப்படித் தாமதமானால் தயவுசெய்து பணிப்பெண்ணிடம் கோபப்படாதீர்கள். கீழே நிற்பவர்களின் உயிருக்காகத்தான் அந்தக் காத்திருப்பு.